பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) சந்தா யாரிடம், எவ்வளவு, எப்படி? சித்தூர் தாலூகா தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொல்லங்கோடு பகுதிகளில் தமிழ்வழி வகுப்புகள் உள்ள அரசு, எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளிகளின் பி.டி.ஏ. தலைவர்கள், நிர்வாகக் குழுவினர், தலைமையாசிரியர்கள்

வணக்கம்.

பள்ளி திறந்த சில வாரங்களில் பி.டி.ஏ. பொதுக்குழு கூடும். மேடையிலிருந்து ஒரு தொகை சொல்லப்படும், நாலைந்து பேர் கை தூக்குவார்கள், ஏகமனதாக நிறைவேறியது என்று மினிட்ஸில் ஏறிவிடும். அதற்குள் அட்மிஷன் மேசையிலேயே பாதிக் குடும்பங்களிடம் அந்தத் தொகை வாங்கப்பட்டிருக்கும். முதலில் வசூல், பிறகு தீர்மானம், கணக்கு எப்போதாவது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். எழுதும் நாங்கள் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை பஞ்சாயத்துகளைச் சேர்ந்த பெற்றோர்கள். ரசீதுப் புத்தகம், ரொக்கப் புத்தகம், தணிக்கை எல்லாம் எங்களுக்குப் பழக்கமான வேலைகள். பி.டி.ஏ.வே வேண்டாம் என்று சொல்லும் கூட்டமல்ல நாங்கள். எல்லையோரத் தமிழ் டிவிஷன்கள் (வகுப்புப் பிரிவுகள்) பல இன்னும் மூடாமல் இருப்பதில் பி.டி.ஏ.க்களுக்குப் பங்கு உண்டு.

முதலில் பணத்தின் பெயரைச் சரிசெய்வோம். அட்மிஷன் நாளில் ‘பி.டி.ஏ. பணம்’ என்று ஒரே தொகையாக வாங்குவதற்குள் நான்கு வகைப் பணம் ஒளிந்திருக்கிறது. ஒன்று உறுப்பினர் சந்தா. இரண்டாவது நன்கொடை. மூன்றாவது, பயன்படுத்துபவர் மட்டும் கொடுக்க வேண்டிய பஸ் கட்டணம், முன்மழலை வகுப்புக் கட்டணம் போன்றவை. நான்காவது, உயர்நிலை வகுப்புகளில் அரசு நிர்ணயித்த ஸ்பெஷல் ஃபீஸ். இது பி.டி.ஏ. பணமே இல்லை, பள்ளிக் கணக்கில் சேர வேண்டியது. நான்கையும் ஒரே ரசீதில் எழுதினால் கட்டாயமானது எது, விருப்பத்துக்குரியது எது என்று பெற்றோருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை. பெரும்பாலான சண்டைகளின் வேர் இதுதான். நான்குக்கும் நான்கு ரசீது கொடுங்கள். நான்கு புத்தகம் அச்சடிக்கச் செலவு என்றால் ஒரே ரசீதில் நான்கு வரி போட்டு, நன்கொடை வரிக்கு எதிரே ‘விருப்பம்’ என்று அச்சடித்துவிடுங்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தை தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகும் எந்தக் கட்டணமும் செலவும் அதன் தலையில் விழக்கூடாது என்கிறது. 13-ஆவது பிரிவின்படி அட்மிஷனுக்காக நன்கொடை வாங்குவது குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பி.டி.ஏ. என்ற பெயரில் ரசீது கிழித்தாலும், அட்மிஷன் மேசையில் ‘இதைக் கட்டினால்தான் பெயர் எழுதுவோம்’ என்று சொன்ன நொடியில் அது நன்கொடை வசூல்தான். 5-ஆவது பிரிவின்படி டி.சி. உடனே கொடுக்கப்பட வேண்டும். சந்தா பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்க இடமில்லை. கோபாலபுரம், வேலந்தாவளம் எல்லை தாண்டி வேலை தேடிப் போய் வரும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இந்த டி.சி. சிக்கலில் அதிகம் மாட்டுகிறார்கள். வருஷ நடுவில் வரும் குழந்தைக்கு அந்த வருஷச் சந்தாவே வேண்டாம் என்று எழுதி வையுங்கள்.

17-ஆவது பிரிவு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. வகுப்பில் பெயர் கூப்பிட்டு ‘யார் யார் இன்னும் கட்டலை, எழுந்து நில்லுங்க’ என்பது அதற்குள் வரும். இதைச் செய்யும் ஆசிரியர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. வசூல் பொறுப்பை நிர்வாகக் குழு அவர்கள் தலையில் கட்டிவிட்டு, ‘5-பி-யில் எட்டுப் பேர் பாக்கி’ என்று வாராவாரம் கேட்கிறது. ஆகவே வகுப்பாசிரியர் கையில் ரசீதுப் புத்தகமே போகக்கூடாது என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இனி தொகைக்கு வருவோம். கல்வித் துறை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரம்பு வைத்து ஆணை போட்டிருக்கிறது. அந்த ஆணையின் எண், தேதி, உங்கள் பள்ளி நிலைக்கான தொகை மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அந்த வரம்பு உச்சபட்சம்தான், அவ்வளவும் வாங்கியே தீர வேண்டும் என்பதல்ல. அதற்குள் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவதற்குத்தான் பொதுக்குழு.

கணக்கு எப்படி என்று ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். ஒரு பள்ளியில் 180 பிள்ளைகள், 130 குடும்பங்கள் என்று வையுங்கள்: ஒரு பிள்ளை உள்ளவை 90, இரண்டு உள்ளவை 30, மூன்று உள்ளவை 10. தலைக்கு 300 ரூபாய் வசூலித்தால் 54,000 சேரும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு 900 ரூபாய். இனி செலவைப் பாருங்கள். மோட்டார் பழுது 9,000, ஃபேன் லைட் 6,000, காம்பவுண்ட் சுவருக்குப் பெயின்ட் 12,000, மதிய உணவுக்குக் காய்கறி, கேஸ் பற்றாக்குறை 8,000, ஆண்டு விழா 10,000, பரிசுகள் 3,000, கூட்டச் செலவு 2,500, முதலுதவி 1,500, ஜெராக்ஸ் 2,000.

முதல் மூன்றும் சேர்த்து 27,000, அதாவது பாதித் தொகை. அது பெற்றோர் தலையில் விழ வேண்டிய செலவே அல்ல. கேரளத்தில் 1995-இல் அதிகாரப் பரவல் வந்தபோது அரசு எல்.பி., யு.பி. (தொடக்க, நடுநிலை) பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துக்கும், உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லா பஞ்சாயத்துக்கும் மாற்றப்பட்டன. பராமரிப்புக்கு அவர்களிடம் தனி நிதி உண்டு. எய்டட் பள்ளி என்றால் கட்டிடம் மேனேஜர் பொறுப்பு. அதற்காக அவருக்கு அரசு பராமரிப்பு மானியமும் தருகிறது. மேனேஜரின் சுவருக்குக் கூலிக்காரன் காசில் பெயின்ட் அடிப்பது எந்த ஊர் நியாயம்? இதுபோக, மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் வழிகாட்டுதலின்படி 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய் கூட்டு மானியம் உண்டு, 31 முதல் 100 வரை என்றால் 25,000. மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கேரளம் சேர்வது பற்றிய தகராறில் மத்தியப் பங்கு தடைபட்டதால் இந்தப் பணம் நேரத்துக்கு வராமல் போனது உண்மை. அப்படியானால் ‘வர வேண்டிய மானியம் வரவில்லை, அதற்காக இவ்வளவு கேட்கிறோம்’ என்று பொதுக்குழுவில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சந்தாவுக்குள் போட்டு மறைக்காதீர்கள்.

மதிய உணவு 8,000 கொஞ்சம் நுணுக்கமானது. காய்கறி, முட்டை, பால், கேஸ் எல்லாவற்றுக்கும் அரசுப் பணம் தாமதமாகி, தலைமையாசிரியர்கள் சொந்தக் காசைப் போட்டுக் கடனாளியான கதை நம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அந்தத் தொகையை ‘செலவு’ என்று எழுதாதீர்கள், ‘முன்பணம்’ என்று எழுதுங்கள். அரசுப் பணம் வந்ததும் திரும்பக் கணக்கில் ஏற வேண்டும். செலவு என்று எழுதிய பணத்தைப் பிற்பாடு யாரும் திரும்பக் கேட்பதில்லை. வந்த பணம் எங்கே போனது என்ற கேள்வியும் எழாமலே போய்விடும்.

மிச்சம் 19,000. இதில் ஆண்டு விழா 10,000 கொண்டாட்டம். பந்தலும் மைக்கும் வேண்டுமென்றால் நன்கொடை எடுங்கள், முடிந்தவர் கொடுக்கட்டும். எஞ்சிய 9,000-ஐ 130 குடும்பங்களுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 70 ரூபாய் கூட முழுதாக வராது. துறை ஆணையின் வரம்பு இதைவிடக் குறைவு என்றால் சந்தா அந்த வரம்போடு நிற்கும், பற்றாக்குறையை நன்கொடையில்தான் தேட வேண்டும்.

தலைக்கு 300 எங்கே, வீட்டுக்கு 70 எங்கே! செலவு யாருடையது என்று வரிசை வரிசையாகக் கேட்டதைத் தவிர வேறெதுவும் நாங்கள் செய்யவில்லை.

வீட்டுக்கு ஒரு சந்தா என்பதை அழுத்திச் சொல்கிறோம். சங்கத்தில் உறுப்பினர் பெற்றோர்தான். ஒரே அம்மா பொதுக்குழுவில் மூன்று ஓட்டுப் போடப் போவதில்லை, பிறகு மூன்று சந்தா எதற்கு? ‘மூன்று பிள்ளையும் பள்ளிக்கூடத்தைப் பயன்படுத்துதே’ என்று பதில் வரும். பயன்பாட்டுக்கு விலை வைப்பது கட்டணம். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. இரண்டு பள்ளிகளில் பிள்ளைகள் இருந்தால் இரண்டு சங்கம், அங்கே தனித்தனிச் சந்தா சரி.

விலக்கு கேட்பவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் பள்ளியின் குணம் தெரியும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள், ஏழைகளுக்கான மஞ்சள், ரோஸ் ரேஷன் கார்டு உள்ளவர்கள், விதவை அம்மாக்கள் இவர்களுக்குச் சந்தா வேண்டாம் என்று பொதுக்குழு தீர்மானித்தால் மட்டும் போதாது. மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று, பின்னால் நாலு பேர் பார்க்க ரேஷன் கார்டின் நிறத்தைக் காட்டச் சொன்னால், விலக்குக்குத் தகுதியுள்ளவர் கடன் வாங்கியாவது கட்டிவிட்டுப் போவார். முதலமடைப் பக்கம் எரவாளர் பழங்குடிக் குடும்பங்களிடமும், கோவிந்தாபுரம் பக்கத்துக் காலனிக் குடும்பங்களிடமும் கேட்டால் இது புரியும். கார்டில் வெள்ளை, நீலம் என்று இருந்தும் கையில் காசில்லாதவர்களும் உண்டு. பழைய கணக்கெடுப்பில் தவறிப் போனவர்கள் அவர்கள்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். அட்மிஷன் ஃபாரத்தோடு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி ஒரு கவர் கொடுங்கள். உள்ளே ஒரு சீட்டில் இரண்டு வரி: ‘சந்தா இணைத்துள்ளேன்’, ‘இவ்வாண்டு விலக்கு வேண்டுகிறேன்’. ஒன்றில் டிக் போட்டு, ஒட்டி, ஆபீஸில் உள்ள பெட்டியில் போட வேண்டியதுதான். காரணம் கேட்கக்கூடாது, சான்று கேட்கக்கூடாது. பெட்டியைப் பொருளாளரும் மதர் பி.டி.ஏ. (தாய்மார் சங்க) பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து திறக்கட்டும். இருவருக்கு மேல் யாருக்கும் விவரம் தெரிய வேண்டியதில்லை. பணம் கட்டியவருக்கும் விலக்குப் பெற்றவருக்கும் ஒரே நிறத்தில், ஒரே வாசகத்தில் உறுப்பினர் அட்டை. போர்டில் ‘130 குடும்பங்கள், வந்த தொகை இவ்வளவு’ என்று மொத்தம் மட்டும் போடுங்கள், பெயர்ப் பட்டியல் வேண்டாம். அதிகம் கொடுத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர் யார் என்று பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

இப்படிச் செய்தால் எல்லாரும் விலக்கில் டிக் போட்டுவிடுவார்களே என்ற பயம் சிலருக்கு உண்டு. சிலர் போடத்தான் செய்வார்கள். வீட்டுக்கு 70 என்ற கணக்கில் முப்பது குடும்பம் ஒதுங்கினாலும் குறைவது 2,100 ரூபாய். அதைத் துரத்திப் பிடிக்க ஆசிரியர் நேரத்தையும் பிள்ளைகளின் மானத்தையும் செலவழிப்பது நஷ்ட வியாபாரம்.

எப்போது வசூலிப்பது என்பதும் நியாயத்தில் சேர்ந்ததுதான். ஜூனில் நோட்டு, பை, குடை, செருப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். முதலமடை மாங்காய் சீசன் மே மாதத்தோடு ஓய்ந்துவிடும், மழை பிடித்தால் தோப்பு வேலையும் குறையும். ஓணம் வரை தவணை கொடுங்கள், நினைவூட்டல் ஒரே ஒரு தடவை போதும்.

கூட்ட நேரமும் அப்படித்தான். புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பொதுக்குழு வைத்தால் வருவது அரசு வேலைக்காரரும் கடைக்காரரும்தான். தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதி) வேலையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்துத்தான் ஆஜர் போடுகிறார்கள். ஒன்று தவறினால் கூலி போச்சு. 2025-26-இல் கேரளத்தில் அந்தக் கூலி 369 ரூபாய். ஆக, கூட்டத்துக்கு வரும் அம்மா சந்தாவைப் போலப் பல மடங்கை இழந்துவிட்டுத்தான் வருகிறார். ஞாயிறு காலை பத்தரை மணி பொருத்தம். சொசைட்டியில் பால் ஊற்றியாகியிருக்கும், கள் இறக்குபவர்கள் காலை ஏற்றம் முடித்திருப்பார்கள். பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, வார்டு மெம்பர் பேச்சு எல்லாம் கணக்குக்குப் பிறகு வரட்டும். கணக்கைக் கடைசியில் வைத்தால் அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், சிலர் அதற்காகவே கடைசியில் வைக்கிறார்கள்.

மொழி விஷயம். மலையாளமும் தமிழும் சேர்ந்து நடக்கும் பள்ளிகளில் நோட்டீஸ், ரசீது, மினிட்ஸ் மூன்றும் மலையாளத்தில் மட்டும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. பேசினால் புரியும், படிக்கத் தெரியாது என்பதுதான் இங்குள்ள பெரும்பாலான தமிழ்ப் பெற்றோரின் நிலை. படிக்க முடியாத தீர்மானத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். தமிழ் டிவிஷன் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும், செலவிலும் அப்படியே. நூலகத்துக்கு வாங்கும் புத்தகத்தில் எத்தனை தமிழ், நாளிதழ் வாங்கினால் தமிழ் ஒன்று உண்டா என்று கேட்டாலே பல பள்ளிகளில் பதில் வராது.

பஸ்ஸைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. ஏறாத பிள்ளையின் வீடு பஸ்ஸுக்குக் காசு கொடுக்கக்கூடாது என்பது நேரான நியாயம். ஆனால் ஆறாம் வேலை நாள் தலைக்கணக்கில் நாலைந்து பிள்ளை குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷன் போனால் ஆசிரியர் போவார். பஸ் இல்லாவிட்டால் தூரத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் வண்டியில் ஏறிவிடுவார்கள். ஆக, பஸ் ஓடுவதால் நடந்து வரும் பிள்ளைக்கும் பலன் உண்டு. நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது: டீசல், டிரைவர் சம்பளம் இரண்டையும் பயணிகள் தூரத்துக்கு ஏற்பப் பங்கிடட்டும். இன்சூரன்ஸ், டாக்ஸ், ஃபிட்னஸ், டயர் இவற்றுக்கு நன்கொடைக் கணக்கிலிருந்து பொதுக்குழு ஒப்புதலோடு எடுக்கலாம். சந்தாவைத் தொடக்கூடாது. டயருக்கும் ஃபிட்னஸுக்கும் மாதாமாதம் ஒரு தொகை தனியாக ஒதுக்குங்கள். அதை ஒதுக்காததால்தான் பள்ளி திறக்கும் நேரத்தில் திடீரென்று ‘பஸ் நிதி’ என்று ஒரு புதுத் தொகை முளைக்கிறது.

கணக்கு வைப்பதில் வழக்கமாக எங்கே ஓட்டை விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போட்டு, யாரிடம் எந்தப் புத்தகம் என்று ஒரு பதிவேடு வேண்டும். ரத்தான ரசீதின் இரண்டு பிரதியும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும், கிழித்துப் போட்டால் அது ரத்தான ரசீதா பணம் வாங்கிய ரசீதா என்று தெரியாது. வாங்கிய ரொக்கம் அடுத்த வங்கி வேலை நாளில் பி.டி.ஏ. கணக்கில் ஏற வேண்டும். வசூலித்த கையோடு அதிலிருந்தே செலவு செய்து, மிச்சத்தை மட்டும் கட்டுவதுதான் மிகப் பெரிய ஓட்டை. ஜி-பே வாங்கினால் பி.டி.ஏ. கணக்கின் க்யூ.ஆர். அட்டைக்கு மட்டும் வாங்குங்கள். நிர்வாகி ஒருவரின் சொந்த நம்பருக்குப் பணம் போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வீட்டுப் பணமும் சங்கப் பணமும் கலந்துவிடும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் பில் வேண்டும், கைச்சீட்டு ஆகாது. நிர்வாகக் குழு உறுப்பினரின் கடையில் வாங்கினால் அதை மினிட்ஸில் எழுதி, வேறு இரண்டு கடையின் விலையையும் பக்கத்தில் குறியுங்கள். தணிக்கைக்கு நிர்வாகக் குழுவில் இல்லாத இரண்டு பெற்றோர், அதில் ஒருவர் தமிழ் டிவிஷன், ஒருவராவது பெண். வரவு செலவுத் தாளைப் பொதுக்குழுவுக்கு ஏழு நாள் முன்பே போர்டில் ஒட்டிவிடுங்கள்.

பொதுக்குழுவில் வைக்க ஒரு தீர்மான வாசகம் தருகிறோம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “இவ்வாண்டு பி.டி.ஏ. சந்தா, துறை ஆணையின் வரம்புக்கு உட்பட்டு, குடும்பத்துக்கு ஒன்று. விலக்கு வேண்டுவோருக்குக் காரணம் கேட்காமல் வழங்கப்படும். சந்தா கட்டாததால் அட்மிஷன், டி.சி., புத்தகம், சீருடை, முன்னேற்ற அட்டை, தேர்வு எதுவும் தடுக்கப்படாது. கட்டாதவருக்கும் பொதுக்குழுவில் பேசவும் ஓட்டளிக்கவும் போட்டியிடவும் உரிமை உண்டு. வகுப்பறையில் வசூல் இல்லை.”

இவற்றுக்குப் பதில் கிடைக்காத பள்ளிகளில் பெற்றோர் செய்யக்கூடியது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு கொடுத்து, பி.டி.ஏ. வரவு செலவு, மினிட்ஸ், துறை ஆணை நகல் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். புகார் என்றால் எல்.பி., யு.பி. பள்ளிகளுக்கு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்), உயர்நிலைக்கு டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்), அதற்கு மேல் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். புகாரைத் தமிழிலேயே எழுதலாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறை சொல்லி மனுக் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. மலையாளத்தில் எழுதி வா என்று கவுன்டரில் திருப்பி அனுப்பினால், அப்படிச் சொன்னதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொதுக்குழுவுக்கு முன் கணக்குத் தாளை ஒட்டும் பள்ளிகளுக்கு, ரசீதுகளைச் சரிபார்க்கவும் தாளைத் தமிழில் எழுதவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார எங்களில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சித்தூர் தாலூகா தமிழ்வழிப் பள்ளிப் பெற்றோர் சிலர்